கால் பங்குத் தண்ணீர், நான்கு மடங்கு மீனா?

சித்திரை பிறந்து புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் எங்கள் கோவில்பதாகைப் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பிவிடும். "ஏரி இறங்குது, இனிமே மீனுக்குப் பஞ்சமே இல்ல." டீக்கடையில் சொல்வார்கள், ஆவடி மார்க்கெட்டில் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை தூண்டிலும் மைதா உருண்டையுமாக பைக்கில் கிளம்பும் பையன்களும் சொல்வார்கள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் சொன்னால் அதில் அவருடைய லாபக் கணக்கு இருக்கிறது என்று விட்டுவிடலாம். மீனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்கூட இதை வேதவாக்காகச் சொல்வதுதான் வேடிக்கை. வறட்சியில் வேறு எதுவும் கிடைக்காவிட்டாலும் மீனாவது கிடைக்கிறதே என்று ஒரு ஆறுதல் போலும்.

அந்தப் பேச்சு தப்பு என்பது என் கட்சி. நீர்மட்டம் இறங்கிய பெரிய ஏரியில் மீன் கூடுவதில்லை. அகப்படுவது மட்டும்தான் கூடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் ஒவ்வொரு கோடையிலும் அடுத்த ஆண்டின் மீனையும் சேர்த்து விற்றுத் தின்கிறோம். சென்னையைச் சுற்றியுள்ள குடிநீர் ஏரிகளில் மீன் வளம் என்று ஒன்று நிலைக்காமல் போவதற்கு மழையைவிட இந்த நினைப்புக்குத்தான் பங்கு அதிகம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வைகாசி வாக்கில் நீர்ப்பரப்பு சுருங்கிக் கால் பங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் ஏரி முழுக்கப் பரவிக் கிடந்த அதே மீன்கள் இப்போது அந்தக் கால் பங்கில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். ஒரே ஆள், ஒரே வீச்சு வலை, ஒரே வீச்சு. முன்பு ஒரு மீன் விழுந்த இடத்தில் இப்போது நான்கு விழும். ஏரியில் ஒரு குஞ்சுகூடப் புதிதாகப் பிறக்கவில்லை. சித்திரை ராத்திரியில் கரண்ட் போனதும் தெருவே மொட்டைமாடியில் நிற்கும். அதைப் பார்த்து ஊரில் ஜனத்தொகை பெருகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மீன் விஷயத்தில் மட்டும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மறுப்பது சரியாக இருக்காது.

தமிழ்நாட்டுக் கிராமத்து ஏரி, கண்மாய், குளம் எல்லாம் ஒரு பருவத்து நீர்நிலைகள். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். மதகு வழியாக வயலுக்குப் பாயும். அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் தரை தட்டும். அந்தத் தண்ணீரில் வளர்ந்த மீன் எப்படியும் சாகத்தான் போகிறது. அதனால் ஊர்கூடிப் பிடித்துவிடுவது நியாயம் மட்டுமில்லை, புத்திசாலித்தனமும்கூட. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மேலூர் பக்கமெல்லாம் இன்றைக்கும் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஆயிரக்கணக்கானவர்கள் சேற்றில் இறங்குவார்கள். பிடித்ததை விற்க மாட்டார்கள், வீட்டில் குழம்பு வைப்பார்கள். அடுத்த மழைக்குப் புதுத் தண்ணீர் வரும், அதோடு புதுக் குஞ்சும் வரும். இலங்கையின் வறண்ட பகுதிகளில் பருவக்குளங்களில் நடக்கும் மீன் வளர்ப்பும் இதே கணக்குதான். குளம் நிரம்பியதும் குஞ்சு விடுகிறார்கள், வற்றும்போது மொத்தமாக அள்ளுகிறார்கள்.

எங்கள் கோவில்பதாகை ஏரி, விளிஞ்சியம்பாக்கம், பருத்திப்பட்டு, அயப்பாக்கம் என்று ஆவடியைச் சுற்றிக் கிடக்கும் ஏரிகளெல்லாம் இந்த இனம்தான். வீடுகள் நெருக்கிப் பிடித்த பிறகு அவற்றின் நிலை வேறாகிவிட்டாலும், இங்கே பிறந்து வளர்ந்தவர்களின் மனதில் 'ஏரி' என்றால் அந்தப் பழைய ஏரிதான். வற்றினால் அள்ளலாம் என்பது அவர்கள் பாட்டன் காலத்து அறிவு. பாட்டன் காலத்து ஏரிக்கு அது சரியாகவும் இருந்தது.

தவறு எங்கே என்றால், அந்த அறிவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூண்டியிலும் புழலிலும் வைப்பதில். "செம்பரம்பாக்கமும் ஏரிதானே?" என்று கேட்பார்கள். ஏரியாக இருந்ததுதான். நெல்லுக்குப் பாய்ந்த பழைய ஏரிதான். ஆனால் அதன் வேலை மாறி வெகுகாலமாகிவிட்டது. புழல் 1872 முதலே சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிறது. பூண்டியைக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டி 1944-இல் திறந்து, அதற்குச் சத்தியமூர்த்தி பெயரை வைத்தார்கள். செம்பரம்பாக்கத்தின் கரையில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. குடிநீர் ஏரியை யாரும் தரை தட்டும்வரை வேண்டுமென்றே காலி செய்வதில்லை. முடிந்த அளவு பிடித்து வைத்து அடுத்த மழைவரை ஓட்டுவதுதான் அதன் நிர்வாகமே. பூண்டியும் சோழவரமும் பல கோடைகளில் கிட்டத்தட்டக் காலியாகிவிடும் என்பது உண்மை. அவற்றின் தண்ணீர் கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போய்விடுகிறது. அந்த இரண்டு ஏரிகளில்தான் கடைசித் தண்ணீர் நிற்கும். கடைசி மீனும் அங்கேதான் நிற்கும்.

ஆகவே கிராமத்து ஏரியில் கோடைத் தண்ணீர் என்பது மீனுக்கு முடிவு. பெரிய ஏரியில் அது புகலிடம். புகலிடத்தில் போய் வலை போடுவதை அறுவடை என்று சொல்லிக்கொள்கிறோம்.

உடனே வரும் பதிலும் எனக்குத் தெரியும். "2019-ல பார்த்தீங்களா? எல்லாம் செத்து நாறிப் போச்சு. முன்னாடியே பிடிச்சிருந்தா நாலு பேருக்குச் சோறாவது ஆகியிருக்கும்." பார்த்தோம். அந்த ஜூனில் சென்னையின் நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. வெடித்த சேற்றில் மீன் செத்துக் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் நம் வில்லிவாக்கத்துக்கு வந்து நின்றது. அந்த மாதிரி ஆண்டில் பிடிக்காமல் விடுவது மடத்தனம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2019 எத்தனை முறை வருகிறது? புழல் அதற்கு முன் அப்படித் தரை தெரிய வற்றியது 2003, 2004 வாக்கில். நடுவில் எத்தனையோ கோடைகளில் ஏரி இறங்கியது, நின்றது, ஆவணியில் மறுபடி ஏறியது. எப்போதோ வரும் பஞ்சத்தைக் காட்டி ஒவ்வொரு கோடையிலும் வலை போடுகிறார்கள். வீடு தீப்பிடித்த அன்று சாமானை வெளியே எறியலாம், அதற்காக மாதாமாதம் எறிய முடியுமா? இறங்குவது வேறு, வற்றுவது வேறு. இந்த வாதம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் நிற்கிறது.

இனி அந்தச் சுருங்கிய தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வைகாசி வெயிலில் ஆழம் குறைந்த தண்ணீர் அடிவரை சூடாகிவிடும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் தங்கும். பகலில் பாசி அதை உண்டாக்கும், இரவில் அதே பாசி உறிஞ்சிக்கொள்ளும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கரையோரம் நின்று பார்த்தால் கட்லாவும் ரோகுவும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரியும். "மீன் மேய வந்திருக்கு பாருங்க, எவ்வளவு!" என்று பக்கத்தில் நிற்பவர் பூரிப்பார். அது மூச்சுத் திணறல். மேகம் மூடிய இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வந்தால் காலையில் வெள்ளை வயிறு மிதக்கும்.

இந்தத் திணறல் எல்லா மீனுக்கும் ஒன்றுபோல் இல்லை. விரால், குறவை, தேளி இவையெல்லாம் மேலே வந்து காற்றையே விழுங்கிப் பிழைக்கும். வளர்க்கத் தடை விதித்தும் நம் நீர்நிலைகளில் ஏறிவிட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான். வீட்டு மீன்தொட்டியிலிருந்து ஏரிக்கு வந்து சேர்ந்து, வலையைக் கிழித்துக்கொண்டிருக்கும் முள்ளுச் சக்கர் மீனும் அப்படித்தான். கட்லா, ரோகு, மிர்காலுக்கு அந்த வசதி இல்லை. ஆக ஒவ்வொரு தாழ்ந்த கோடையும் ஏரியில் ஒரு சலிப்பு நடத்துகிறது. யாரும் வாங்காத மீன் தங்குகிறது, விலைபோகும் கெண்டை போகிறது. விராலுக்குக் காற்று விழுங்கத் தெரிந்தாலும் பயனில்லை. கிலோவுக்கு அதிக விலை அதற்குத்தான் என்பதால் சேற்றில் கையை விட்டே தேடிப் பிடித்துவிடுகிறார்கள். மழை தொடங்கியதும் ஜோடியாகச் சேர்ந்து, முட்டைக்கும் செம்பழுப்புக் குஞ்சுக் கூட்டத்துக்கும் காவல் நிற்கும் மீன் அது. காவல்காரனைக் கோடையிலேயே எடுத்துவிட்டால் மழை வந்து என்ன?

கட்லாவின் கதை இன்னும் மோசம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள். வெள்ளம் பாயும் ஆற்றோட்டம் இருந்தால்தான் முட்டையிடும், தேங்கிய தண்ணீரில் சினை தரித்தாலும் இடாமலே போய்விடும். 1957-இல் கட்டாக்கில் ஹீராலால் சவுத்ரி ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் நாடு முழுக்க ஏரிகளில் குஞ்சு விடுவது சாத்தியமானது. நம் ஏரியில் நீங்கள் பார்க்கும் கட்லா பெரும்பாலும் யாரோ பண்ணையில் பொரித்து, வளர்த்து, பிளாஸ்டிக் பையில் பிராணவாயு அடைத்துக் கொண்டுவந்து விட்டது. தானாகப் பெருகும் மீன் இல்லை அது. முக்கால் கிலோவில் எடுத்துவிட்டால் இரண்டு கிலோ ஆவதற்கு இன்னொன்று அங்கே இருக்காது.

போன கோடையில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் தார்ப்பாய் விரித்து விற்ற கட்லாவைக் கொஞ்சம் கவனித்தேன். பெரிய தலை, அதற்குப் பின்னால் முதுகு கத்திபோல் மெலிந்து வயிறு ஒட்டிப்போன உடல். நன்றாகத் தின்ற கட்லாவுக்கு முதுகு புடைத்து, தலை சின்னதாகத் தெரிய வேண்டும். செவுளைத் திறந்தால் சிவப்பு மங்கிக் கருமை தட்டியிருந்தது. செதில் விரல் நகத்தளவுகூட இல்லை, அதாவது வயது ஒன்றுகூட முடியாத குட்டி. விற்ற அம்மா, "ஏரி மீனு சார், உயிரா வந்தது, காலைல பிடிச்சது" என்றார். பொய் சொல்லவில்லை. உயிரோடுதான் வந்தது. பட்டினியோடும் வந்தது. வாங்குபவர்கள் தலையை எடுத்துவிட்டு எடை போடச் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலை ஏன் அவ்வளவு எடை என்று யாரும் கேட்கவில்லை.

போட்ட வலையெல்லாம் நிறைந்தால் மீன் செழிப்பு என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் மிசூரி ஆற்றை அணை கட்டி மறித்ததில் உருவான ஓவாஹி ஏரி, வால்ஐ என்ற வேட்டை மீனுக்குப் பேர்போனது. யூடியூபில் தூண்டில் வீடியோ பார்க்கும் நம் பையன்களுக்கு அந்த மீன் அத்துப்படி. 1997 வெள்ளத்தில் வால்ஐயின் இரையான ஸ்மெல்ட் என்ற சின்ன மீன் அணையின் வழியே கூட்டம் கூட்டமாக அடித்துச் செல்லப்பட்டது. அடுத்த சில ஆண்டுகள் தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம், போட்ட முள்ளையெல்லாம் மீன் கவ்வியது. பசித்த மீன் எதைத்தான் கவ்வாது? மெலிந்து, வளர்ச்சி நின்றுபோன மீன்களின் எண்ணிக்கையைக் குறைக்க, ஒருவர் ஒரு நாளில் எடுத்துப் போகும் வரம்பையே அரசு உயர்த்த வேண்டியதாயிற்று. பிறகு 2000-களின் வறட்சியில் ஏரி பல அடி இறங்கி, குளிர்ந்த ஆழம் குறைந்து, ஸ்மெல்ட் மீள்வதே இன்னும் சிரமமானது. கனடாவின் கிழக்குக் கடலில் நடந்தது இதைவிடப் பெரியது. காட் மீன் குறையக் குறைய எஞ்சியவை ஒன்றாகச் சேர்ந்து நின்றன. இழுவைக் கப்பல்கள் கருவியால் அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்ததால் ஒரு இழுப்புக்குக் கிடைத்தது குறையவே இல்லை. மீன் இருக்கிறது என்றே நினைத்தார்கள். 1992 ஜூலையில் மீன்பிடிப்பையே மூட வேண்டி வந்தது, பல்லாயிரம் பேருக்கு ஒரே நாளில் வேலை போனது.

மறுப்பவர்கள் பக்கத்தில் உருப்படியான ஒரு வாதம் உண்டு, அதை அவர்கள் சரியாகச் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். ஏரி இறங்குவது மண்ணுக்கு நல்லது. தரை வெயிலில் காய்கிறது, புல் முளைக்கிறது, மாடு மேய்கிறது, சாணி விழுகிறது. புதுத் தண்ணீர் ஏறும்போது அத்தனையும் கரைந்து உரமாகி, நுண்ணுயிர் பெருகி, மீனுக்கு விருந்தாகிறது. ஆண்டில் நீர்மட்டம் நன்றாக ஏறி இறங்கும் குளங்களில் மீன் மகசூல் கூடுதல் என்று இலங்கைக் குளங்களில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், அந்த விருந்து மழைக்குப் பிறகு வருவது. தை, மாசியில் வருவது. சாப்பிட ஆள் இருந்தால்தான் அது விருந்து. கோடையில் கட்லாவையும் விராலையும் துடைத்து எடுத்துவிட்ட ஏரியில் கார்த்திகைத் தண்ணீர் ஏறினால் அந்தச் செழிப்பு முழுவதும் ஜிலேபி மீனுக்குப் போகும். 1952-இல் மண்டபத்தில் வந்து இறங்கிய அந்த மீன் உள்ளங்கை அளவிலேயே சினைப்பட்டு, குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பாற்றி, எந்த ஏரியையும் சின்ன மீனால் நிரப்பிவிடும். பிறகு "இப்பல்லாம் ஏரியில ஜிலேபிதான் சார்" என்று அங்கலாய்ப்பார்கள்.

தாழ்ந்த நீர் ஆண்டு நல்ல மீன் ஆண்டின் விதை என்று யாராவது சொன்னால் நான் கைதட்டுவேன். ஆனால் அந்த விதையையே வறுத்துத் தின்ன வேண்டும் என்றல்லவா சொல்கிறார்கள்.

நெல்லிலும் கடலிலும் நமக்குத் தெரிந்த நியாயம் ஏரியில் மட்டும் ஏன் தெரியவில்லை என்பதற்கு என்னிடம் இரண்டு காரணம் இருக்கிறது. இரண்டும் காலண்டரில் இருக்கின்றன.

ஒன்று, கடல் தடை. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2001-இல் 45 நாளாக வந்தது, 2017-இல் 61 நாளாக நீண்டது. முட்டையிடும் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம். நல்ல காரியம். அந்த 61 நாளில் காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வரத்து குறைந்து, வஞ்சிரம் தங்க விலைக்குப் போகும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வீடுகளுக்கு மீன் வேண்டுமே? ஏரி மீனுக்கு அப்போது கிராக்கி. ஏரியில் தண்ணீர் மிகக் குறைவாக இருப்பதும், மீன் மிக நெருக்கமாகத் திணறிக்கொண்டிருப்பதும், சந்தையில் விலை மிக உயர்ந்திருப்பதும் அதே இரண்டு மாதத்தில் வந்து விழுகின்றன. கடலுக்குக் கொடுத்த ஓய்வின் செலவை ஏரியின் தலையில் கட்டுகிறோம்.

இரண்டு, பசலி. ஏரி மீன்பாசிக் குத்தகைகள் பல பசலி ஆண்டுக் கணக்கில் ஓடுகின்றன. பசலி ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடிகிறது. குத்தகை முடியப்போகும் ஆள், ஜூன் மாதத் தண்ணீரில் எஞ்சிய மீனை அடுத்த குத்தகைக்காரனுக்காக விட்டுவைப்பாரா? நான் அந்த இடத்தில் இருந்தாலும் விடமாட்டேன். தங்கூசி வலையில் கண்ணைச் சின்னதாக்கி, இரண்டு முறை இழுக்கும் இடத்தில் ஐந்து முறை இழுத்து, கெண்டைப்பொடிவரை வாரிவிடுவேன். நிலவரிக்கும் நெல்லுக்கும் ஏற்பட்ட ஆண்டுக் கணக்கு அது. நெல்வயலுக்கு ஜூன் வெறும் தரை. ஏரி மீனுக்கு ஜூன் என்பது உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் மாதம். குத்தகைக்காரரைத் திட்டிப் பயனில்லை, தேதியைத்தான் திட்ட வேண்டும்.

வேறு வழியே இல்லை என்று நினைப்பவர்கள் ஆழியாறு நீர்த்தேக்கத்தைப் பார்க்கட்டும். பொள்ளாச்சிக்கு அருகே, முழுப் பரப்பே 650 ஹெக்டேர்தான். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் அங்கே இறங்கிச் செய்தது பெரிய வித்தையொன்றுமில்லை. விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சுகளாக விட்டார்கள், வலைக்கண்ணைப் பெரிதாக்கினார்கள், சின்னக் கெண்டையை எடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். ஹெக்டேருக்குச் சில பத்துக் கிலோவாக இருந்த மகசூல் 200 கிலோவை நெருங்கியது. இந்தியாவின் சிறு நீர்த்தேக்கங்களின் சராசரி அப்போது ஹெக்டேருக்கு 50 கிலோ, பெரியவற்றில் 11 கிலோ. ஆழியாற்றில் மழை கூடியதால் வந்த விளைச்சல் இல்லை இது. எதைப் பிடிக்காமல் விட வேண்டும் என்று தெரிந்து விட்டதால் வந்தது.

கடைசியாக, "ஏழை மீனவன் வயிற்றில் அடிக்கிறாயா?" என்ற கேள்வி. இதுதான் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி, இதற்குப் பதில் சொல்லாமல் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை. தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து கால் விரலால் தண்ணீரைத் தள்ளி வலை விரிக்கும் ஆளுக்குக் கோடையின் இரண்டு மாத வருமானம் பெரிய விஷயம். ஆனால் அதே ஆளை ஆடி மாதம் போய்ப் பாருங்கள். வலை வீட்டுக் கூரையில் தொங்கும். அவர் எங்காவது கட்டட வேலையிலோ அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கவோ போயிருப்பார். இரண்டு மாதம் நான்கு மடங்கு, பிறகு ஆறேழு மாதம் ஒன்றுமில்லை என்பதுதான் அவர் கண்ட செழிப்பு. கடல் மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் இருக்கிறது. 2023-இல் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தினார்கள். ஏரி மீனவருக்கும் தாழ்ந்த நீர்க் காலத்துக்கு அதே மாதிரி ஒன்றைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் 'ஏரி இறங்கினால் மீன் கொழிக்கும்' என்ற பேச்சை நிறுத்தியாக வேண்டும். கொழிக்கிற காலத்துக்கு எந்த அரசும் நிவாரணம் தராது.

முழுத் தடை வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஜிலேபியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் எந்த மாதமும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கட்டும், புண்ணியம். தூண்டில் பையன்கள் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும், ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்லா மாட்டினால் திரும்ப விட்டால் போதும். சின்னக் கண் வலையும், விடியற்காலைத் திணறலில் மேலே நிற்கும் கூட்டத்தின்மேல் வலை வீசுவதும் நிற்க வேண்டும். தூர்வாரும்போது மதகுக்கு அருகில் ஒரு பள்ளத்தை ஆழமாக விட்டுவைத்தால் அது மீனுக்கு மடுவாக நிற்கும். 2019-இல் எஞ்சியிருந்த குட்டைத் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்தபோது அப்படி ஒரு மடு இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் வருகிறது. குத்தகைத் தேதியை ஜூன் 30-இலிருந்து ஜனவரிக்குத் தள்ளினால், தண்ணீரும் மீனும் நிறைந்திருக்கும் மாதத்தில் கணக்கு முடியும்.

இதையெல்லாம் யார் அளப்பது என்று தயங்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை என்று ஒவ்வொரு ஏரியின் நீர்மட்டத்தையும் இருப்பையும் சென்னைக் குடிநீர் வாரியம் அன்றாடம் வெளியிடுகிறது. இருப்பு கால் பங்குக்குக் கீழே போன நாள் முதல் அது மறுபடி ஏறும் நாள்வரை கெண்டைக்கும் விராலுக்கும் வலை கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி மீன்வளத் துறைக்கு எழுதுங்கள். அடுத்த பசலிக்கான ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே எழுதுங்கள்.